மூளைக்குச் சிறுநீரகம் அனுப்பும் சேதி

வயிறு நிறையத் தண்ணீர் குடித்து முடித்த எலி அது. கூண்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, எலி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூளைக்குள் ஏற்கெனவே பொருத்தியிருந்த மெல்லிய குழாய் வழியாக ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை மிக நுண்ணிய அளவில் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் எலி தண்ணீர்க் குழாயைத் தேடிப் போய்க் குடிக்கத் தொடங்குகிறது. உடலில் நீர் குறையவில்லை, உப்பு கூடவில்லை. ஆனாலும் அந்த எலிக்குத் தாகம், உண்மையான தாகம். ஆலன் எப்ஸ்டைன், ஜேம்ஸ் ஃபிட்சைமன்ஸ், பார்பரா ரோல்ஸ் ஆகிய மூவரும் 1970-இல் வெளியிட்ட ஆய்வு இது.

அந்தத் தாகத்தின் மூலம் சிறுநீரகத்தில் இருப்பதை ஃபிட்சைமன்ஸ் அதற்கு முன்பே நெருங்கியிருந்தார். கேம்பிரிட்ஜில் அவர் செய்த சோதனை எளிமையானது, அழகானது. உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை எலியில் கட்டினால், இதயத்துக்கு வரும் இரத்தம் குறையும், எலி நிறையக் குடிக்கும். இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்துவிட்டுச் சிரையைக் கட்டினால், குடிப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கழிவு தேங்கி எலி நோயுற்றதால் குடிக்கவில்லையோ? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, வேறு எலிகளில் சிறுநீரகத்தை விட்டுவைத்துச் சிறுநீர்க் குழாய்களை மட்டும் கட்டினார். கழிவு அவற்றிலும் தேங்கத்தான் செய்தது. ஆனால் அந்த எலிகள் குடித்தன. சிறுநீர் வெளியேறாவிட்டாலும், சிறுநீரகத்திலிருந்து இரத்தத்துக்குள் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது, அதுதான் தாகத்தைக் கிளப்பியது.

சிறுநீரகம் என்றதும் நம் மனத்தில் எழுவது வடிகட்டி. பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் படித்தோம், ஆய்வகத்தின் இரத்தப் பரிசோதனைச் சீட்டும் யூரியா, கிரியேட்டினின் என்று அதையேதான் அளந்து சொல்கிறது. ஆனால் சிறுநீரகம் ஒரு சுரப்பியும்கூட. அது சுரப்பவையும், அவற்றால் உருவாகும் பொருள்களும் மூளைவரை தாக்கம் செலுத்துகின்றன, நரம்பு அணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் நரம்பியக் கடத்திகளை மாற்றுகின்றன. சிறுநீரகம் பழுதான ஒருவரின் தாகம், மறதி, சோர்வு, எரிச்சல், உற்சாகமின்மை ஆகியவற்றை அவருடைய குணக்கேடாகவும் மனவுறுதிக் குறைவாகவும் பார்க்கும் பழக்கம் வீடுகளிலும் இருக்கிறது, மருத்துவமனைகளிலும் இருக்கிறது. அந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

தடுப்பில்லாத ஒரு வாசல்

கதை 1898-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்குகிறது. கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகெர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்தெடுத்த சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தினார்கள். இரத்த அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி இரத்த அழுத்தத்தை நிலையாக உயர்த்திக் காட்டியபோதுதான் உலகம் மறுபடி அந்தப் பக்கம் திரும்பியது.

ரெனின் நேரடியாக எதையும் செய்வதில்லை. கல்லீரல் தயாரித்து இரத்தத்தில் விட்டிருக்கும் ஒரு பெரிய புரதத்திலிருந்து அது ஒரு துண்டை வெட்டியெடுக்கிறது. பத்து அமினோ அமிலம் கொண்ட அந்தத் துண்டை, முக்கியமாக நுரையீரல் இரத்தக் குழாய்களில் இருக்கும் இன்னொரு நொதி மேலும் நறுக்குகிறது. மிஞ்சும் எட்டு அமினோ அமிலத் துண்டுதான் ஆஞ்சியோடென்சின் இரண்டு. இரத்தக் குழாயைச் சுருக்குவதும், அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உடலில் உப்பைத் தக்கவைப்பதும் அதன் அறியப்பட்ட வேலைகள்.

மூளையில் அது எப்படி வேலை செய்கிறது? இரத்தத்தில் ஓடும் பெரும்பாலான பொருள்கள் மூளைத் திசுவுக்குள் நுழைய முடியாதபடி இரத்தக் குழாய்ச் சுவரே ஒரு தடுப்பாக இருக்கிறது. ஆனால் மூளையின் நடுவில், மூன்றாவது அறையின் ஓரங்களில், அந்தத் தடுப்பு இல்லாத மிகச் சிறிய இடங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று சப்ஃபோர்னிக்கல் உறுப்பு. அங்கே உள்ள நரம்பு அணுக்கள் இரத்தத்தையே நேரடியாகச் சுவைத்துப் பார்க்கின்றன. ஆஞ்சியோடென்சினுக்கான ஏற்பிகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன.

அந்தச் சிறிய இடத்துக்குள்ளேயே இரண்டு எதிர்க் கூட்டங்கள் இருப்பதை யுகி ஓகா, சார்லஸ் சுக்கர் ஆகியோரின் குழு 2015-இல் எலிகளில் காட்டியது. ஒரு கூட்டம் குளுட்டமேட் என்ற நரம்பியக் கடத்தியை வெளிவிடுவது, அதைத் தூண்டினால் தாகமே இல்லாத எலியும் சில நொடிகளில் குடிக்கிறது. மற்றொன்று காபா என்ற கடத்தியை வெளிவிடுவது, அதைத் தூண்டினால் தண்ணீர் கிடைக்காமல் தவித்த எலிகூடக் குடிப்பதை நிறுத்திவிடுகிறது. வண்டிக்கு ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் போல மூளைக்குக் குளுட்டமேட்டும் காபாவும். ஆஞ்சியோடென்சின் முதல் கூட்டத்தை முடுக்குகிறது. அங்கிருந்து போகும் இழைகள் ஹைப்போதாலமஸை எட்டி, வாசோபிரசின் என்ற ஹார்மோனை வெளியேற்றச் செய்கின்றன, சிறுநீர் குறைகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-இல் இன்னும் ஒரு படி போனார்கள். அதே உறுப்பில் நீரைத் தேடவைக்கும் அணுக்கள் வேறு, உப்பைத் தேடவைக்கும் அணுக்கள் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள்.

‘தண்ணியைக் குறைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?’

இப்போது டயாலிசிஸ் பிரிவுக்கு வருவோம். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உள்ளே போகுமுன் எடை பார்க்கிறார்கள். சிறுநீர் போகாதவர் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே குடித்ததும் உண்டதும்தான் எடையாக ஏறுகிறது. தமிழ்நாட்டின் எந்தப் பிரிவில் நின்றாலும் இந்தக் கண்டிப்பு காதில் விழும்: “என்னண்ணே, மூணு கிலோ ஏறியிருக்கு. தண்ணியைக் குறைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” சொல்லும் செவிலியரின் அக்கறை உண்மையானது. நீர் கூடினால் நுரையீரலில் கோக்கும், உயிருக்கே ஆபத்து. ஆனால் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்பவரின் மூளையில் நடப்பதையும் பார்க்க வேண்டும்.

இரத்தத்தில் சோடியம் ஏறும்போது அதே சிறு உறுப்புகள் விழித்துக்கொள்கின்றன. டயாலிசிஸில் நீரை வேகமாக உறிஞ்சும்போது இரத்தக் கொள்ளளவு குறைகிறது, அப்போது பழுதான சிறுநீரகத்தின் மிச்சத் திசுவும் ரெனினைச் சுரக்கக்கூடும். ஆக இரண்டு பக்கத்திலிருந்தும் தாகம் தள்ளுகிறது. பசியையாவது கொஞ்சம் தள்ளிப்போடலாம், தாகத்தை அப்படித் தள்ள முடியாது. ஆகவே ‘தண்ணீரைக் குறையுங்கள்’ என்ற அறிவுரை தனியாக நிற்கும்போது பலன் தருவதில்லை. முதலில் குறைய வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், பாக்கெட் நொறுக்குத் தீனி. உப்பைக் குறைத்தவருக்கு நீரைக் குறைப்பது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. டயாலிசிஸ் திரவத்தில் சோடியம் எவ்வளவு வைக்கிறார்கள் என்பதும் தாகத்தைத் தீர்மானிக்கும். நோயாளியைக் குறை சொல்வதற்கு முன் இதையும் ஒருமுறை சரிபார்ப்பது நியாயம்.

ஆஞ்சியோடென்சின் நரம்பு முனைகளில் இன்னொரு வேலையும் செய்கிறது. பரிவு நரம்புகள் வெளிவிடும் நார்அட்ரினலினின் அளவைக் கூட்டுகிறது. உடல் எப்போதும் விறைப்பாக, சண்டைக்குத் தயாராக இருக்கும் நிலை அது. 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காலில் உள்ள நரம்பில் மிக மெல்லிய ஊசியைச் செருகி, பரிவு நரம்புகளின் துடிப்பை நேரடியாக எண்ணினார்கள். சொந்தச் சிறுநீரகங்கள் உள்ளே இருந்த டயாலிசிஸ் நோயாளிகளிடம் அந்தத் துடிப்பு ஆரோக்கியமானவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. சிறுநீரகங்கள் இரண்டும் அகற்றப்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளிடமோ அது சாதாரண அளவிலேயே இருந்தது. ஹார்மோன் மட்டுமல்ல, நோயுற்ற சிறுநீரகத்திலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளும் இதில் பங்கு வகிப்பதாக ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இரத்த அழுத்தத்துக்காக வந்த மாத்திரைகள் மனநிலையைத் தொட்டது எதிர்பாராமல் தெரியவந்தது. பிரேசில் நாட்டு ஜரராகா விரியன் பாம்பின் நஞ்சைப் படித்ததிலிருந்து பிறந்தது கேப்டோபிரில், ஆஞ்சியோடென்சின் இரண்டு உருவாவதைத் தடுக்கும் மருந்து. 1984-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள், மனச்சோர்வோடு இருந்த சிலருக்கு இந்த மருந்துக்குப் பின் மனம் தெளிந்ததைப் பதிவு செய்தார்கள். எண்ணிக்கை மிகச் சிறியது. அதே பாதையைத் தடுக்கும் லோசார்டனை, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்குத் தந்து 2021-இல் முறையாகச் சோதித்தபோது, வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. மனநிலைக்காக யாரும் பிரஷர் மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த வழித்தடம் மனநிலையோடு தொடர்புள்ளது என்ற எண்ணத்தை ஆய்வாளர்கள் கைவிடவும் இல்லை.

2,550 லிட்டரிலிருந்து

சிறுநீரகம் சுரப்பவற்றில் நோயாளிகளுக்கு நன்கு பழக்கமானது எரித்ரோபொய்டின். ‘ரத்தம் ஊறுற ஊசி’ என்று வார்டில் சொல்வது இதைத்தான். 1906-இல் பாரிஸில் பால் கார்னோவும் கிளோடில்ட் டெஃப்லாந்தரும், இரத்தம் இழந்த முயலின் சீரத்தை நல்ல முயலுக்குச் செலுத்தினால் சிவப்பணுக்கள் கூடுகின்றன என்றார்கள். அந்தப் பொருள் சிறுநீரகத்திலிருந்து வருவதை 1957-இல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சனும் யூஜின் கோல்ட்வாசரும் காட்டினார்கள். அதைத் தூய நிலையில் பிரித்தெடுக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் தகாஜி மியாகே, கடும் இரத்தசோகை கொண்ட நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, உலர்த்திய சாறாகச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். 1977-இல் அதிலிருந்து கிடைத்த தூய ஹார்மோன் சில மில்லிகிராம் மட்டுமே. அந்தச் சில மில்லிகிராம்தான் மரபணுவைக் கண்டுபிடிக்க வழி திறந்தது, 1989-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதுவரை டயாலிசிஸ் நோயாளிகள் இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ்ந்தார்கள், அதனால் வரும் தொற்றையும் இரும்புத் தேக்கத்தையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

ஊசி வந்தபின் நோயாளிகள் சொன்னதில் மருத்துவர்கள் எதிர்பாராத ஒன்று இருந்தது. நடக்கத் தெம்பு வந்தது, படியேற முடிந்தது, அவை எதிர்பார்த்தவை. கவனம் நிற்கிறது, படித்தது நினைவில் தங்குகிறது என்றும் சொன்னார்கள். மூளைக்கு ஆக்ஸிஜன் கூடுதலாகக் கிடைப்பது ஒரு காரணம், சந்தேகமில்லை. அது மட்டும்தானா? எரித்ரோபொய்டினுக்கான ஏற்பிகள் நரம்பு அணுக்களிலேயே இருக்கின்றன. மூளையின் துணை அணுக்கள் இந்த ஹார்மோனைத் தாங்களாகவும் தயாரிக்கின்றன. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹன்னலோரே ஏரன்ரைக் குழு, 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இளம் எலிகளுக்கு மூன்று வாரம் இதைக் கொடுத்தது. நினைவாற்றல் கூடியது. நினைவின் இருப்பிடமான ஹிப்போகாம்பஸில், குளுட்டமேட்டுக்கும் காபாவுக்கும் இடையிலான சமநிலை நகர்ந்தது, நரம்பு இணைப்புகள் வலுப்பெறும் திறன் உயர்ந்தது. சிவப்பணு கூடியதால் வந்த விளைவாக அவர்கள் இதைப் பார்க்கவில்லை.

இங்கே உற்சாகத்துக்குக் கடிவாளம் வேண்டும், ஏனென்றால் மனித உயிர்கள் விலையாகியிருக்கின்றன. பக்கவாதம் வந்தவர்களுக்கு இதைக் கொடுத்தால் மூளை அணுக்கள் பிழைக்கும் என்ற நம்பிக்கையில், அதே குழு முன்னின்று ஜெர்மனியில் 522 பேரிடம் நடத்திய சோதனை 2009-இல் முடிவை வெளியிட்டது. பலன் தெரியவில்லை. மருந்து பெற்றவர்களில் 16.4 சதவீதத்தினர் இறந்தனர், பெறாதவர்களில் 9 சதவீதம். அதே ஆண்டு வெளிவந்த ட்ரீட் என்ற பெரிய ஆய்வில், சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களின் ஹீமோகுளோபினை 13-க்கு உயர்த்த முயன்றபோது, பக்கவாதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. இரத்தம் தடிப்பதும் அழுத்தம் ஏறுவதும் இந்த மருந்தின் மறுபக்கம். மூளைக்கு நல்லதாமே என்று ஊசியைக் கூடுதலாகக் கேட்பவர்களுக்கு இந்த இரண்டு ஆய்வும் பதில் சொல்கின்றன. ஹீமோகுளோபின் 8-இல் கிடந்து மறதியோடு தடுமாறுபவரை அப்படியே விட்டுவைப்பதும் அதே அளவு தவறு.

வெயில், முதுமை, ஒரு பிழையான நம்பிக்கை

வெயில் பட்டால் தோலில் உருவாகும் வைட்டமின் டி அப்படியே பயன்படாது. கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு சிறுநீரகத்தில் கடைசி மாற்றம், அப்போதுதான் அது கால்சிட்ரியால் என்ற ஹார்மோன் ஆகிறது. அந்தக் கடைசி வேலை சிறுநீரகத்தில் நடப்பதை 1970-இல் ஃபிரேசரும் கோடிசெக்கும் கண்டார்கள். டோபமைன் தயாராகும் கருங்கரு என்ற மூளைப் பகுதியில் இதற்கான ஏற்பிகள் நிறைய உண்டு. டோபமைனையும் செரோடோனினையும் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை இது தூண்டுகிறது என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உள்ளன. ஆனால் 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்தாண்டு வைட்டமின் டி-யைச் சோதித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, மனச்சோர்வை அது தடுக்கவில்லை என்று 2020-இல் அறிவித்தது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடு இல்லை. பழுதான சிறுநீரகத்தோடு வாழ்பவரின் நிலை வேறு, ஆனால் அதற்காகக் கடையில் வாங்கித் தானாகவே விழுங்குவது கால்சியத்தை ஆபத்தாக ஏற்றும்.

என்னை அதிகம் ஈர்ப்பது க்ளோத்தோ. 1997-இல் ஜப்பானில் மகோட்டோ குரோ-ஓ குழு கண்ட புரதம் இது. இது இல்லாத எலிக்குட்டிகள் சில வாரங்களிலேயே கிழடு தட்டின: தோல் மெலிந்தது, தமனிகளில் சுண்ணாம்பு படிந்தது, எலும்பு தேய்ந்தது, இரண்டு மாத வயதையொட்டி இறந்தன. இரத்தத்தில் ஓடும் க்ளோத்தோவின் முதன்மை ஊற்று சிறுநீரகம். சிறுநீரக நோயின் தொடக்கத்திலேயே அது குறையத் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் டீனா தூபல் 2014-இல், க்ளோத்தோ அதிகமுள்ள எலிகள் நன்றாகக் கற்கின்றன என்றும், அவற்றின் நரம்பு இணைப்புகளில் குளுட்டமேட் ஏற்பியின் ஒரு முக்கியக் கூறு கூடியிருக்கிறது என்றும் காட்டினார். 2023-இல் வயதான ரீசஸ் குரங்குகளுக்கு ஒரே ஒரு சிறிய ஊசி. நினைவுச் சோதனைகளில் அவை தேறின, பலன் இரண்டு வாரம் வரை தெரிந்தது. அளவைக் கூட்டியபோது பலன் கூடவில்லை. இத்தனைக்கும் க்ளோத்தோ மூளைக்குள் நுழைவதில்லை. இரத்தத் தட்டணுக்கள் வெளிவிடும் ஒரு புரதம் அதன் சேதியை உள்ளே கொண்டுபோகிறது என்பதற்கு எலிகளில் சான்று கிடைத்திருக்கிறது.

இந்தத் துறையில் தலைகீழான கதையும் உண்டு. 2005-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரெனலேஸ் என்ற பொருளைக் கண்டார்கள். சிறுநீரகம் சுரக்கும் அது டோபமைனையும் நார்அட்ரினலினையும் இரத்தத்திலேயே சிதைக்கிறது என்றார்கள். கேட்பதற்கு எல்லாம் பொருந்திவந்தது. பிற்பாடு வேதியியலாளர்கள் பொறுமையாகச் சோதித்தபோது, அது அவற்றைச் சிதைப்பதே இல்லை, முற்றிலும் வேறொரு மூலக்கூறின் கோணலான வடிவத்தைத்தான் சரிசெய்கிறது என்று தெரிந்தது. ரெனலேஸை நம்பி எழுதப்பட்ட விளக்கங்கள் பல இன்னும் உலவுகின்றன.

தமரத்தம்பழமும் சில மாத்திரைகளும்

ஹார்மோன் குறைவது ஒரு பக்கம் என்றால், வெளியேற வேண்டியது வெளியேறாமல் நிற்பது மறுபக்கம். குவானிடினோ சக்சினிக் அமிலம் போன்ற கழிவுகள் தேங்கும்போது குளுட்டமேட்டின் ஏற்பிகளைத் தூண்டுகின்றன, காபாவின் வேலையைக் குறைக்கின்றன. குழப்பம், கைநடுக்கம், வலிப்பு எல்லாம் இதோடு தொடர்புள்ளவை.

ஸ்டார் ஃப்ரூட் என்று கடைகளில் விற்கும் ஐந்து விளிம்புத் தமரத்தம்பழம் நல்ல சிறுநீரகம் உள்ளவர் அளவாக உண்டால் ஒன்றும் செய்வதில்லை. டயாலிசிஸில் இருப்பவர் உண்டால் நிற்காத விக்கல், பிதற்றல், வலிப்பு, மரணம்வரை போகலாம். அதில் உள்ள காரம்பாக்சின் என்ற நஞ்சை 2013-இல் பிரேசில் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள், அது குளுட்டமேட் ஏற்பிகளைத் தூண்டுவது. கால் எரிச்சலுக்குத் தரும் காபாபென்டின், தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் ஆகியவையும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை. அளவைக் குறைக்காமல் கொடுத்தால் நோயாளி இரண்டே நாளில் ஆளைத் தெரியாமல் உளறக்கூடும். வேறு மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ போகும்போது ‘எனக்கு கிட்னி பிரச்சினை இருக்கு’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மனச்சோர்வு பற்றி ஒரு முக்கிய ஆய்வு. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கேனும் மனச்சோர்வு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. செரோடோனினைக் கூட்டும் செர்ட்ராலின் மாத்திரையை, இன்னும் டயாலிசிஸுக்கு வராத 201 நோயாளிகளிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். 2017-இல் வந்த முடிவு: வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. டயாலிசிஸில் உள்ளவர்களிடம் 2019-இல் செய்த வேறோர் ஆய்வில் அதே மாத்திரை, பேச்சுவழிச் சிகிச்சையைவிடச் சற்று மேலாகத் தெரிந்தது. இரத்தசோகை, தேங்கிய கழிவு, விறைத்த பரிவு நரம்புகள், குறைந்துபோன ஹார்மோன்கள், அவற்றோடு வேலையிழப்பும் கடனும் சேர்ந்த ஒரு சோர்வை செரோடோனின் ஒன்றை மட்டும் பிடித்து நிமிர்த்திவிட முடியாது என்றே நான் புரிந்துகொள்கிறேன். மாத்திரை வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. தற்கொலை எண்ணம் வரை போனவருக்கு மனநல மருத்துவர் உடனே தேவை.

நரம்பற்ற சிறுநீரகம்

மாற்றுச் சிறுநீரக அறுவையில் நோயாளியின் பழைய சிறுநீரகங்களைப் பொதுவாக எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஓரத்தில் வைத்து, தமனி, சிரை, சிறுநீர்ப்பை ஆகியவற்றோடு இணைக்கிறார்கள். நரம்புகளை யாரும் தைத்து இணைப்பதில்லை. ஆக மூளையோடு பேச அதற்கு இருக்கும் ஒரே வழி இரத்தம். அந்த வழியிலேயே சில வாரங்களில் எரித்ரோபொய்டின் ஊறுகிறது, ஊசி நிற்கிறது, கால்சிட்ரியால் திரும்புகிறது. அறுவைக்கு முன்னும் பின்னும் நினைவுச் சோதனை செய்த ஆய்வுகள், வார்த்தைகளை நினைவில் வைப்பதிலும் கவனத்திலும் முன்னேற்றம் கண்டிருக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் தொடங்கிய இந்தச் சிகிச்சை இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அதற்குக் கைகொடுக்கிறது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் மூளைக்கு அதோடு எல்லாம் சுகமாகிவிடுவதில்லை. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ் கைநடுக்கத்தைத் தரும், ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்து மனநிலையை அலைக்கழிக்கும். இருந்தும், மாதாமாதம் பரிசோதனைக்கு வருபவரிடம் கேட்கப்படுபவை கிரியேட்டினின், சர்க்கரை, பிரஷர், மருந்தின் இரத்த அளவு. டயாலிசிஸ் பிரிவில் கேட்கப்படுவது எடை. இவற்றைக் குறித்துவைக்கும் அட்டையில் இன்னும் நான்கு வரி சேர்க்க இடம் இருக்கிறது: தூக்கம் எப்படி, ஞாபகம் எப்படி, தாகம் எவ்வளவு, எதிலாவது மனம் லயிக்கிறதா. கேட்டு எழுதுவதற்கு ஒரு செவிலியருக்கு மூன்று நிமிடம் போதும். அரசு டயாலிசிஸ் மையங்களில் இதைத் தொடங்க புதிய கருவியோ பெரிய நிதியோ தேவையில்லை, சுகாதாரத் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.